லயத்துக் கறிவேப்பிலையும் லங்காவிப் பல்லியும்

சுங்கை பட்டாணி, பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக் கொல்லையில் கறிவேப்பிலை இல்லாத வீடு அரிதாக இருந்தது. அதற்குப் பெயர் வைத்தவர் யாரென்று எவரும் கேட்டதில்லை. இலை வேப்பிலைபோல இருக்கிறது, கறிக்கு உதவுகிறது; அதுவே பெயராயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எண்ணெய் மரத்தைச் 'செம்பனை' என்று பனையின் சுற்றத்தில் சேர்த்ததும் அதே கண்தான். அந்தக் கணிப்பு சரி: இரண்டும் ஒரே குடும்பம் என்றுதான் தாவரவியலும் சொல்கிறது. கறிவேப்பிலையில் மட்டும் இலை ஏமாற்றிவிட்டது. அது வேம்பின் குடும்பமல்ல. எலுமிச்சை, நாரத்தையின் குடும்பம்.

அன்று ஐரோப்பிய அறிஞர்களும் கண்ணை நம்பியே வகுத்தார்கள். சுவீடனின் லின்னேயஸ் பூவின் மகரந்தக் கேசரங்களை எண்ணிச் செடிகளைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் பேரினம், சிற்றினம் என இரட்டைப் பெயர் சூட்டினார். அவருடைய மாணவர் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். பின்னாளில் சயாம், மலாக்கா வரை கப்பலேறிச் செடி தேடியவர். 1771-ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு வைத்த பெயர் 'பெர்கெரா கோனிகீ'. தலைமுறை தலைமுறையாக அதைத் தாளித்தவர்களுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. 1825-ல் ஸ்ப்ரெங்கல் என்பவர் அதை 'முர்ராயா' பேரினத்துக்கு மாற்றினார். நம் வீட்டு வேலியோரம் மணக்கும் கெமுனிங்கும் அந்தப் பேரினம்தான்.

இன்று மரபணுவைப் படிக்கிறார்கள். கறிவேப்பிலை கெமுனிங்கை விட்டு விலகி நிற்பது அதில் தெரிந்தது. ஆகவே தாவரவியலாளர் பலர் மீண்டும் 'பெர்கெரா' என்றே எழுதுகிறார்கள். முறைப்படி முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. இத்தனை இடமாற்றத்திலும் 'கோனிகீ' மட்டும் மாறவே இல்லை.

பெயர் சூட்டும் மனமும் மாறியிருக்கிறது. லங்காவியின் குனோங் ராயா மலையில் கண்ட ஒரு பாறைப்பல்லிக்கு 2010-ல் அமெரிக்கரான லீ கிறிஸ்மரும் மலேசியரான சான் கின் ஓனும் வைத்த பெயர் 'நெமாஸ்பிஸ் ரொட்டிசானாய்'. ஆம், மாமாக் கடையில் மாவை வீசிச் சுடும் அதே ரொட்டி சானாய்! 2015-ல் அத்தீவின் இன்னொரு பல்லிக்கு மசூரியின் பெயர் கிடைத்தது. செய்யாத தவற்றுக்காகக் கொல்லப்பட்டதாகக் கெடா மக்கள் கதை சொல்லிவரும் பெண் அவர். நம் ஊர்ச் சாப்பாடும் நம் ஊர்க் கதையும் உலக அறிவியலின் ஏட்டில் ஏறிவிட்டன. இதைப் படித்தபோது என் நெஞ்சு நிறைந்தது.

ஆனால் கறிவேப்பிலை தழைத்த அந்தத் தோட்டங்களில் பல இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான்கள் எழுந்தன. லயத்தை விட்டுக் கிளம்பியவர்கள் தாய்மரத்தின் வேரிலிருந்து முளைத்த கன்றைக் கிளப்பி எடுத்துப் போனார்கள். அது இப்போது தாமான் வீட்டு வாசலில், தொட்டியில் தழைக்கிறது. பேரினம் மாறுவது வீடு மாறுவதுபோலத்தான். அந்தத் தொட்டியருகே பிள்ளைகளை நிறுத்தி, பெர்கெரா கோனிகீ என்றும் சொல்லிக் கொடுப்போம். கறிவேப்பிலை என்று பெயரிட்ட அந்தக் கண்ணைப் பற்றியும் சொல்லிக் கொடுப்போம்.