விளையாட்டு ஸ்டியரிங்குக்கும் ஓய்வு நேரம் உண்டு



சென்ற சீசனில் ஒரு தகப்பனார் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்து மனம்விட்டுப் பேசினார். அவருடைய மகனுக்கு 22 வயது, சுற்றுலா வேன் ஓட்டுகிறார். பழைய கேம் ஸ்டியரிங் ஒன்றை வாங்கி டி.வி.யில் இணைத்து, இரவு இரண்டு மணி வரை கார் பந்தயம் ஆடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஒருநாள் அப்படி ஆடிவிட்டு, சற்று நேரமே கண்மூடி, விடியுமுன் கொடை ரோடு ரயில் நிலையத்துக்கு இறங்கினார். பயணிகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, ஊத்து தாண்டி ஒரு வளைவில் கண் சொக்கிவிட்டது. வண்டி தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை.

"பாய், அதை உடைத்துப் போட்டுவிடவா?" என்று தகப்பனார் கேட்டார். உடைக்க வேண்டாம் என்றோம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறார், எந்த நேரத்தில் ஆடுகிறார் என்பதை முதலில் பாருங்கள் என்றோம். அதையே எல்லாக் குடும்பங்களுக்கும் விளக்கமாகச் சொல்லவே இந்தக் கட்டுரை. நம் வீடுகளில் பல, வண்டி ஓட்டும் கையை நம்பி இருப்பவை. அந்தக் கைக்கு எப்போது ஓய்வு தர வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

கை ஏன் வலிக்கிறது?

போனில் விரலால் ஆடும் விளையாட்டுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இந்த ஸ்டியரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. திரையில் கார் வளைவில் திரும்பும்போதும், பள்ளத்தில் இறங்கும்போதும், சுவரில் மோதும்போதும் அந்த மோட்டார் சக்கரத்தை நம் கைக்கு எதிராகத் தள்ளும். ஆடுபவர் அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தத் தள்ளுவிசையை நியூட்டன் மீட்டர் என்ற அளவில் குறிக்கிறார்கள். பலரும் வாங்கும் பல்சக்கர வகையில் அது சுமார் 2. மோட்டாரின் அச்சிலேயே சக்கரத்தை நேரடியாகப் பொருத்திய வகையில் 5, 8 என்று தொடங்கி 20-க்கு மேலும் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 2 என்பது சக்கரத்தின் விளிம்பில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். 8 என்பது ஐந்து கிலோவுக்கும் மேல்.  ஆகவே, "உட்கார்ந்துதானே விளையாடுகிறான்" என்று பெற்றோர் எண்ணிவிடக் கூடாது. கையும் தோளும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கின்றன.

இன்னொரு ஆபத்து கட்டைவிரலுக்கு. திரையில் கார் மோதியவுடன் சக்கரம் சட்டென்று சுழலும். கட்டைவிரலை உள்பக்கமாகக் கோத்துப் பிடித்திருந்தால் சக்கரத்தின் குறுக்குக் கம்பி அதில் அடித்துவிடும். கட்டைவிரல் எப்போதும் விளிம்பின் மேல் படிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆடலாம்?

பிளேஸ்டேஷன் தயாரிக்கும் சோனி நிறுவனமே தன் கையேட்டில், ஒவ்வொரு மணி நேர ஆட்டத்திலும் 15 நிமிடம் ஓய்வு எடுக்கச் சொல்கிறது. களைப்பாக இருக்கும்போதும் தூக்கம் வரும்போதும் ஆட வேண்டாம் என்றும் சொல்கிறது. விற்பவர்களே சொல்லும் அளவு இது. ஆனால் பெட்டியைப் பிரித்ததும் பொருளை எடுத்துக்கொண்டு கையேட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறோம்.

உண்மையான பந்தய ஓட்டுநர்களும் அளவோடுதான் ஓட்டுகிறார்கள். நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் 3-ஆம் இடம் பெற்றதை நம் பிள்ளைகள் கொண்டாடினார்கள். அத்தகைய பந்தயத்தில் 24 மணி நேரமும் ஒருவரே ஓட்டுவதில்லை. ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டி, இடையில் தூங்கி எழுந்து வருகிறார்கள். பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், எந்த 6 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது விதி. பயிற்சி பெற்ற உடலுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்?

சாலையில் ஓட்டுபவர்களுக்கும் நம் நாட்டில் வரம்பு வகுத்திருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. 18 வயது நிரம்பாதவர்களை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்றும் சொன்னது. வேலைக்கே இரவு வேண்டாம் என்றால், விளையாட்டுக்கு எதற்கு?

மார்க்கம் காட்டும் அளவு

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உடலுக்கும் கண்ணுக்கும் நம் மீது உரிமை இருப்பதை நினைவூட்டினார்கள். வணக்கத்துக்கே அளவு சொன்ன மார்க்கத்தில், விளையாட்டில் அளவு மீற இடமேது? இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் விழித்திருப்பதையும் நபியவர்கள் விரும்பவில்லை என்பதை நாம் அறிவோம். இந்த உடல் அல்லாஹ் தந்த அமானிதம். வேனில் ஏறும் பயணியின் உயிரும் ஓட்டுபவர் கையில் உள்ள அமானிதமே.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

மேலே சொன்னவற்றைக் கொண்டு அறக்கட்டளை சார்பில் நாங்கள் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது:

1. தொடர்ந்து 45 நிமிடத்துக்கு மேல் ஆட வேண்டாம். பிறகு 15 நிமிடம் எழுந்து நடக்க வேண்டும். அந்த 15 நிமிடத்தைப் போன் பார்ப்பதில் கழித்தால் அது ஓய்வாகாது.

2. பள்ளி நாளில் ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் போதும். பாங்கு சொன்னதும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். "இந்த ரேஸ் முடியட்டும்" என்பதற்கு இடம் தராதீர்கள்.

3. இஷாவுக்குப் பின் ஸ்டியரிங் வேண்டாம். மோட்டார் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். அண்டை வீட்டாரின் உறக்கத்துக்கும் நாம் பொறுப்பு.

4. மறுநாள் அதிகாலை வண்டி எடுப்பவர் முந்தைய நாள் மாலைக்குப் பின் ஆடவே கூடாது. ஏழு மணி நேரத் தூக்கம் அவசியம். பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

5. மோட்டாரின் விசையைப் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள். அமைப்புப் பகுதியில் இதை மாற்றலாம். விசை கூடியதால் திறமை கூடிவிடாது.

6. மேசையில் இறுகப் பூட்டுங்கள். முழங்கை சற்று மடங்கி, தோள் உயராமல், மணிக்கட்டு நேராக இருக்கட்டும். உருளும் நாற்காலி வேண்டாம்.

7. மார்கழி, தை மாதக் குளிரில் விரல்கள் விறைத்திருக்கும். கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, மணிக்கட்டை மெல்லச் சுழற்றிய பிறகு தொடங்குங்கள்.

8. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்ப்பது கண்ணுக்கு நல்லது. நம் ஊரில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். அதைப் பார்த்தாலே போதும்.

9. சிறு குழந்தைகள் பக்கத்தில் நின்று சக்கரத்துக்குள் கைவிட இடம் தராதீர்கள். ஆடி முடித்ததும் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவதும், இரவில் கை எரிந்து தூக்கம் கலைவதும், டம்ளரைப் பிடிக்கும்போது பிடி நழுவுவதும் மணிக்கட்டு நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். சில நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். தைலம் தடவிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வது கூடாது. தலைசுற்றலோ வாந்தி உணர்வோ வந்தால் அன்று அத்தோடு போதும். வலிப்பு நோய் இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

விளையாட்டை நிறுத்த முடியாமல் படிப்பும் வேலையும் தொழுகையும் கெடுவது நீடித்தால், அது வெறும் குறும்பு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இது கோளாறாக இடம்பெற்றுள்ளது. திட்டுவதாலும் அடிப்பதாலும் அது தீராது. மனநல மருத்துவரின் உதவியை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் சொன்ன தகப்பனார் ஸ்டியரிங்கை உடைக்கவில்லை. மகனோடு உட்கார்ந்து பேசி, வேலை இல்லாத நாளில் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பஜ்ரு ஜமாஅத்தில் இப்போது அந்தப் பிள்ளையைப் பார்க்கிறோம்.

திரையில் கார் கவிழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். நம் மலைப்பாதையில் அந்தப் பொத்தான் இல்லை. இன்று இரவே பிள்ளைகளோடு அமர்ந்து உங்கள் வீட்டுக்கான நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளையும் கண்களையும் காத்து, அவர்கள் போகும் வழிகளைப் பாதுகாப்பாக ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.