டிராக் டேக்குக் கிளம்பும் வீட்டுக் கார்

டிராக் டே பந்தயம் அல்ல. எதிரே வண்டி வராத, குறுக்கே ஆடும் ஆளும் வராத ஒரு மூடிய பந்தயத் தடத்தில், கட்டணம் கட்டியவர் தம் சொந்தக் காரை அதன் முழு வேகத்துக்கு ஓட்டிப் பார்க்கும் நாள் அது. முதலிடமும் கிடையாது, கோப்பையும் கிடையாது. அன்றாடம் கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் ஹேட்ச்பேக் காரே இதற்குப் போதும். பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடப் பொழுதுகளாகப் பிரித்து, புதியவர்களைத் தனிக் குழுவாகவும் பழகியவர்களைத் தனிக் குழுவாகவும் விடுவார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கான இடங்கள் சிலவே. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் நீண்டகாலம் பந்தயம் நடத்தியது. பின்பு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு தடம் அமைத்து 1990-ல் திறந்தது. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்துக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவரதனின் நினைவாகப் பெயரிடப்பட்ட அது ஏறக்குறைய 2.1 கிலோமீட்டர்.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையூரான பெரியபட்டினத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல், செட்டிப்பாளையத்துக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். பந்தயக்காரர்களின் வண்டி லாரியில் ஏறி வந்து லாரியில் ஏறிப் போகும். வீட்டுக் கார் தன் சக்கரத்தில் போய், நாள் முழுக்க வதைபட்டு, அதே சக்கரத்தில் ஊர் திரும்பியாக வேண்டும். தயாரிப்பு வேலைகள், காகித வேலைகள் எல்லாவற்றையும் இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன், அரிச்சல்முனைச் சாலை நேராகத்தானே கிடக்கிறது என்ற கேள்வி இந்தப் பக்கத்து இளைஞர்களிடம் உண்டு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இருபுறமும் கடலோடு ஓடும் அந்த ஒன்பதரைக் கிலோமீட்டர் 2017-ல் திறக்கப்பட்டது. அது தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. காற்று எந்த நேரமும் மணலை வாரித் தாரின் மேல் போடும். பார்க்க மெல்லிய படலம்தான், பிரேக் அடிக்கும் டயருக்கு அது உருளும் கோலிக்குண்டு. சட்டமும் கூட்டம் இருக்கிறதா என்று கேட்பதில்லை, பொது இடமா என்றுதான் கேட்கிறது. மாநில அரசின் எழுத்துப்பூர்வ இசைவில்லாமல் பொது இடத்தில் வண்டிகளுக்கிடையே பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு பாயும். முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஓராண்டு, 10,000 ரூபாய் என்று கூடும். கலந்துகொண்டவரோடு, அனுமதித்தவரையும் அந்தப் பிரிவு சேர்த்தே பிடிக்கும். தெரிந்தே சாவியைக் கொடுத்த மாமாவும் அதில் அடக்கம். தனியாக ஒரே வண்டி பறந்தாலும் ஆபத்தான ஓட்டுதலுக்கு 184-ஆம் பிரிவு இருக்கிறது. ஓட்டியது பதினெட்டு நிரம்பாத பிள்ளையாக இருந்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

மூடிய தடத்தில் இந்த வழக்குகள் வராது. அங்கே வரும் இழப்பு வேறு விதமானது, அதைப் பலர் வாசல் வரை போயும் அறிவதில்லை. காரின் இன்சூரன்ஸ் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்ற தலைப்பில் சிறிய எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது ஆகியவற்றோடு ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத் தேர்வு ஓட்டம் ஆகியவற்றுக்கும் காப்பு இல்லை என்று அது சொல்லும். ‘ஃபுல் கவர்’, ‘பம்பர் டு பம்பர்’ என்று கூடுதல் பணம் கட்டி வாங்கிய பாலிசியிலும் இதே பத்திதான். டிராக் டே பந்தயமல்ல என்று வாதாடலாம். வேகச் சோதனையும் அல்ல என்று நிறுவுவது கடினம். ஆகவே தடுப்புச் சுவரில் மோதி நொறுங்கும் முன்பக்கத்துக்கு உரிமையாளரே பணம் கட்ட வேண்டும் என்று எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் சரி.

தேர்ட் பார்ட்டி காப்பும் அங்கே உறுதியில்லை. கட்டாயக் காப்பீடு பொது இடத்தில் வண்டி ஓடுவதற்காக ஏற்பட்டது. பொதுமக்கள் உரிமையோடு நுழையும் இடம்தான் சட்டத்தில் பொது இடம், டிக்கெட் வாங்கி நுழையும் தனியார் தடம் அதில் சேருமா என்பது வழக்காடித் தீர்க்க வேண்டிய விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு, பந்தயத்துக்கோ வேகச் சோதனைக்கோ பயன்படுத்தப்பட்ட வண்டி என்பதையே இன்சூரன்ஸ் நிறுவனம் தன் தற்காப்பாக எடுத்துவைக்க இடம் கொடுக்கிறது. உதவிக்கு நின்ற ஆள் மேல் கார் ஏறினால் இழப்பீடு சொந்த நிலத்தையும் நகையையும் தேடி வரலாம். பிரிட்டன் போன்ற நாடுகளில் ஒரு நாளுக்கு மட்டும் டிராக் டே காப்பீடு தனியாக விற்கிறார்கள். இங்கே தன் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்லும் ‘அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி’ எந்த நுகர்வோர் ஆணையத்திலும் செல்லாது. தடத்தில் நொறுங்கிய வண்டியை நெடுஞ்சாலைக்கு இழுத்துவந்து ‘நாய் குறுக்கே வந்தது’ என்று கிளெய்ம் எழுதுவது மோசடி. கூட்டாளி எடுத்த ரீல்ஸே அதற்குச் சாட்சியாகிவிடும்.

இனி வண்டி. டிராக் டே என்றதும் மனம் முதலில் புதுச் சைலன்சரையும் அகல டயரையும் தேடும். அவற்றில் ஒன்றும் தேவையில்லை, அவற்றில் பலவும் சட்டத்துக்குப் புறம்பு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உற்பத்தியாளர் தந்த வடிவத்தை மீறும் மாற்றங்களை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஏற்க மறுத்தது. 182ஏ பிரிவில் அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் இருக்கிறது. எடை குறையட்டும் என்று பின் சீட்டைக் கழற்றிவிட்டு பரமக்குடி, மதுரை வழியாகப் போனால், வழியில் நிறுத்தும் அதிகாரியின் கையில் உள்ள ஆர்.சி.யில் ஐந்து இருக்கை என்றிருக்கும். வண்டியில் இருப்பதைச் சரியாக வைத்துக்கொள்வதே தயாரிப்பு.

கடற்கரை வண்டிக்கு முதல் எதிரி உப்பு. கச்சான் வீசினாலும் வாடை வீசினாலும் பெரியபட்டினத்திலும் கீழக்கரையிலும் வாசலில் நிற்கும் காரின் அடிவயிற்றில் உப்பு ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். பெயின்ட் பளபளக்கும், அடியில் துரு தின்னும். முன் சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் தெரியும். அது விரல் பருமனுள்ள இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்துதான் இரு பக்கப் பேடுகளையும் சமமாக அழுத்துகிறது. பின்னைப் போர்த்தும் ரப்பர் உறை வெடித்தால் உப்பு ஈரம் உள்ளே போய், கிரீஸ் காய்ந்து, பின் இறுகிவிடும். கடைத்தெரு ஓட்டத்தில் இது தெரியவே தெரியாது. உள்பேட் தேய்ந்து தகடாகியிருக்க வெளிப்பேட் புதுசு போல இருப்பதுதான் அடையாளம். தடத்தில் அந்தச் சக்கரம் மட்டும் ஒழுங்காகப் பிடிக்காது. நூறைத் தாண்டிய வேகத்தில் மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். விரலால் தள்ளினால் பின் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இரு பேடும் ஒரே பருமனில், குறைந்தது பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். அடித்தளத்தில் பின் சக்கரத்துக்கு ஓடும் இரும்பு பிரேக் குழாயை நகத்தால் சுரண்டினால் செதில் உதிர்கிறதென்றால் அந்தக் கார் தடத்துக்கு மட்டுமல்ல, பக்கத்து உச்சிப்புளிக்குப் போகவும் ஆகாது.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். தடத்தில் இந்தச் சூடு ஒவ்வொரு வளைவிலும், ஆறுவதற்குள் மறுபடி வரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள், அதுவும் கடற்காற்றில் வாழும் வண்டியில் சொல்லவே வேண்டாம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும், ஆவி அழுத்தத்துக்குச் சுருங்கிக்கொடுக்கும், பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. புட்டியில் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது பயன் தராது. பழையதை முழுக்க வெளியேற்றி, நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்து மாற்ற வேண்டும். டிராக் டே செலவில் மிகக் குறைந்த பணத்தில் மிக அதிக உயிர்ப் பாதுகாப்பு தருவது இந்த ஒரு வேலைதான்.

அடுத்து ரேடியேட்டர். இந்தக் கரையோரத்தில் கைக்குக் கிடைக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றி நிரப்பும் வழக்கம் உண்டு. உவர்நீர் உள்ளே படிவம் கட்டி, வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கும். ஊர் ஓட்டத்தில் வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கும், தடத்தில் மூன்றாம் சுற்றில் சிவப்புக்குப் போகும். பழையதைக் கழுவிவிட்டு, குறிப்பிட்ட கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து நிரப்ப வேண்டும். எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கு இருக்கட்டும், அதைத் தாண்ட வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பூ (டிரெட்) எவ்வளவு இருந்தாலும், வெயிலில் நின்று பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்ட டயர் கூடாது. அளவுக்குப் பின் வரும் எழுத்தையும் பார்க்க வேண்டும்: டி என்றால் 190, எச் என்றால் 210 கிலோமீட்டர் வரை. காற்றைக் குறைத்து ஓட்டினால் பிடிப்பு கூடும் என்பது பாதி அறிவு. குறைந்த காற்றில் பக்கவாட்டு மடிந்து சூடேறும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது நிறுவனம் சொன்ன அளவு பிடித்து, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளந்துகொள்வதே முறை. வீல் நட்டை டார்க் ரெஞ்சால் முறுக்கி, முதல் ஓட்டத்துக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும்.

தடத்தை அடைந்ததும் வண்டியைக் காலி செய்ய வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டு சென்ட் புட்டி, ஓட்டுநர் காலடி மேட் எல்லாம் வெளியே. பிரேக் பெடலுக்கடியில் உருண்டு போன அரை லிட்டர் பாட்டிலின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. வழக்கமான சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவை. கூண்டு இல்லாத காரில் பந்தய பெல்ட்டை மட்டும் கட்டுவது நல்லதை விடக் கெட்டதே செய்யும். முகம் மூடும் ஹெல்மெட், பருத்தி உடை, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ போதும். மஞ்சள் கொடி எச்சரிக்கை, சிவப்பு ஓட்டம் நிறுத்தம், நீலம் பின்னால் வேக வண்டி, கறுப்பு உடனே உள்ளே வா. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்கக்கூடாது, கியரில் போட்டுச் சக்கரத்துக்கு அடைகல் வைக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஆபத்து பூஜ்யமாகாது. 2023-ல் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இருவர் இறந்தனர். ஒருவர் 59 வயது அனுபவசாலி கார் ஓட்டுநர், மற்றவர் 13 வயது பைக் வீரர். இரண்டும் முறையாக நடந்த போட்டிகள்.

அதனால்தான் நுழைவாயிலில் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. எது நடந்தாலும் அமைப்பாளர் பொறுப்பல்ல என்ற அந்தக் காகிதத்தில் கையெழுத்திடாமல் உள்ளே விடமாட்டார்கள். விளையாட்டுக்கே உரிய ஆபத்தை ஒப்புக்கொண்டதாக அது எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் நீதிமன்றத்துக்கே போகமாட்டேன் என்று முழுமையாகத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. ஆம்புலன்ஸ் இல்லை, கொடி காட்ட ஆளில்லை, தடத்தில் சிந்திய ஆயிலைத் துடைக்கவில்லை என்பவை சேவைக் குறைபாடு என்று வாதாட இடமுண்டு. ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று மாநில நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி தருகிறது. படிவத்தைக் கையெழுத்திடும் முன் போனில் படம் எடுத்துக்கொள்வது உரிமை. ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேட்பதும் உரிமை.

நிகழ்ச்சி ரத்தாகிக் கட்டணம் திரும்பாவிட்டாலும், பிரேக் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் பேட் மாற்றியதாகப் பில் போட்டுப் பழையதையே விட்டிருந்தாலும், சென்னைக்கு அலைய வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. ஆகவே பெரியபட்டினத்துக்காரருக்கு இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் முயலலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

இன்சூரன்ஸ் தகராறு திரும்பும் வழியிலும் வரலாம். தடத்தை விட்டு வெளியே வந்ததும் பாலிசி பழையபடி உயிரோடு இருக்கிறது. விராலிமலையருகே லாரி உரசியதற்கு, கதவில் ஒட்டிய எண் ஸ்டிக்கரைக் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுத்தால், விபத்து பந்தயத்தில் நடந்தது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தையே சாரும். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். மறுப்பு வந்தாலோ ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஸ்டிக்கரைக் கிழிக்கும் முன், தடத்தை விட்டுக் கிளம்பும்போது காரின் நான்கு பக்கத்தையும் தேதியும் நேரமும் தெரியப் படம் எடுத்து வைத்திருந்தால் அந்தப் புகாருடன் இணைக்க ஏதாவது இருக்கும்.