கொம்யூன் வரியும் கிராமத்துப் பேருந்தும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

குளம் இல்லாத ஊரில் குடியிருக்காதே என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார். பேருந்து இல்லாத ஊரில் பெண் கொடுக்காதே என்று இன்று எங்கள் பக்கத்தில் சொல்கின்றனர். நீருக்கு அடுத்தபடியாக ஒரு கிராமத்தின் வாழ்வும் தாழ்வும் போக்குவரத்தைப் பொறுத்தே அமைகின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

என் ஊர் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். செய்முறை வகுப்பு உள்ள நாள்களில் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவே மாலை நான்கரை ஆகிவிடும். ஊருக்குள் வரும் மாலைப் பேருந்து, ஆள் நிறைந்தால் வரும். குறைந்தால் அந்த நடையை வெட்டிவிடுவர். அப்படி வெட்டிய நாளெல்லாம் பாகூரில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அப்பா சைக்கிளுடன் வந்து காத்திருப்பார். என் தங்கை இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. "பெரியவளுக்காக ஒரு வருஷமா ராத்திரி சைக்கிள் எடுத்துக்கிட்டு அலையறேன், சின்னவளுக்கும் அலைய முடியுமா?" என்று அப்பா கேட்டபோது, எங்கள் வீட்டில் ஒரு படிப்பே அந்த ஒரு நடையில் தொங்கிக்கொண்டிருப்பது எனக்குப் புரிந்தது. இக்கட்டுரை எழுதத் தூண்டுகோல் அதுவே.

ஏன் வருவதில்லை?

பேருந்துக்காரரை வைவது எளிது. ஆனால் கணக்கைப் பார்த்தால் அவர் பக்கமும் சிறிது நியாயம் தெரியும். புதுவையில் பெரும்பாலான ஊர்களுக்குத் தனியார் பேருந்துகளே ஓடுகின்றன. அவர்களுக்கு வருமானம் டிக்கெட் ஒன்றுதான். காலை எட்டு மணிக்குப் பேருந்து பிதுங்குகிறது. பகல் பதினொரு மணிக்கும் இரவு ஏழரைக்கும் காலியாக ஓடுகிறது. காலியான நடைக்கும் டீசல் அதே டீசல்தான். ஆகவே கலெக்ஷன் குறைந்த நடை நின்றுபோகிறது. நின்றவுடன், நம்ப முடியாது என்று கடன் வாங்கியாவது மோட்டார் சைக்கிள் வாங்குகின்றனர். அதனால் கலெக்ஷன் மேலும் குறைகிறது. அடுத்த நடையும் நிற்கிறது. முடிவில் பேருந்தையே நம்பியிருப்போர் மாணவிகளும் முதியோரும் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மாருமே. அவர்களால் மட்டும் ஒரு பேருந்தை வாழவைக்க இயலாது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. டிக்கெட்டை மட்டும் கொண்டு கிராமப் பேருந்து நிலையாக ஓடாது. அப்படியாயின் மீதிச் செலவை யார் ஏற்பது?

பயன் பெறுவோர் யார்?

பேருந்தால் பயன் பெறுபவர் அதில் ஏறுபவர் மட்டும்தானா? சற்று எண்ணிப் பாருங்கள். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குத் தொழிலாளர் வந்து சேராவிட்டால் இயந்திரம் ஓடாது. கிருமாம்பாக்கத்தை ஒட்டிய மருத்துவமனைகளுக்கு நோயாளி மட்டுமன்றித் துப்புரவுப் பணியாளரும் வர வேண்டும். வில்லியனூர்க் கடைத்தெருவில் வியாபாரம் நடப்பது சுற்றுக் கிராமத்தார் வந்திறங்குவதால்தான். பேருந்து நிற்கும் இடத்தில் மனையின் விலை ஏறுகிறது. ஆக, ஏறாதவரும் பயன் பெறுகிறார். ஆனால் செலவு ஏறியவர் தலையில் மட்டும் விழுகிறது.

நம் முன்னோர் இத்தகைய பொதுப்பொருளை வேறு விதமாக நடத்தினர். ஏரியில் நீர் இறைப்பவன் மட்டும் ஏரியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபையின் கீழ் ஏரி வாரியம் என்று தனியே ஒரு குழு இருந்ததையும், அதன் உறுப்பினர் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் கூறுகிறது. எங்கள் பாகூர் ஏரிக்கும் நீர் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. பல ஊர் நிலத்தைக் கடந்து வரும் அவ்வாய்க்காலைத் தனி ஒருவர் காக்க முடியாது. பேருந்துத் தடமும் அப்படிப்பட்ட ஒரு வாய்க்காலே.

கொம்யூன் பிறந்த நாட்டில்

கொம்யூன் என்னும் சொல் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்றது. 1880-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் ஆணைப்படி பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் ஏற்பட்டன. அப்போது புதுவைப் பகுதியில் அமைந்த நான்கில் வில்லியனூர் ஒன்று, பாகூர் ஒன்று. மற்றவை புதுச்சேரியும் உழவர்கரையும். ஊர்ப் பெரியவர் சிலர் கொம்யூன் அலுவலகத்தை இன்றும் "மேரி" என்றே சொல்வர்.

அந்தப் பிரான்சு நாட்டில் கொம்யூன்கள் இன்று பேருந்தை எப்படி நடத்துகின்றன? அக்கம்பக்கத்துக் கொம்யூன்கள் பல ஒன்றுசேர்ந்து ஓர் அமைப்பாகின்றன. போக்குவரத்துக்கென்றே ஒரு வரியை அந்த அமைப்பு விதிக்கிறது. 1971-இல் பாரிசுப் பகுதியில் தொடங்கிய இவ்வரி, 1973-இல் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பிற நகரங்களுக்கும் வந்தது. பின்னர் படிப்படியாகச் சிறு நகரங்களுக்கும் பரவியது. பதினொரு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், தாம் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் ஒரு சிறு விழுக்காட்டைச் செலுத்த வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் இதைப் பிடிப்பதில்லை, முதலாளியே தருகிறார். சட்டம் விதிக்கும் உச்ச வரம்புக்குள் விழுக்காட்டை உள்ளூரே முடிவு செய்கிறது. அப்பணத்தைப் போக்குவரத்து தவிர வேறு எதற்கும் எடுக்கலாகாது. வேலைக்கு ஆள் வந்து சேர்வதால் முதலாளிக்கும் பயன் உண்டு என்பதே இதன் அடிப்படை.

வடக்கே கடற்கரையில் டன்கெர்க் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அதனையும் சுற்றுக் கொம்யூன்களையும் சேர்த்துச் சுமார் இரண்டு லட்சம் மக்கள். 2018 செப்டம்பர் 1 முதல் அங்கே பேருந்தில் எவருக்கும் கட்டணம் இல்லை. முன்பும் டிக்கெட் வருமானம் செலவில் சிறு பங்காகவே இருந்தது. பெரும்பங்கை மேற்சொன்ன வரியே தாங்கியது. ஆகவே டிக்கெட்டை எடுத்துவிட அவர்களால் முடிந்தது.

அண்டை மாநிலத்தில்

அது பணக்கார நாடு, நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் நாட்டிலேயே பார்ப்போம். பம்பாய் நகராட்சி 1947 ஆகஸ்டு 7-இல் மின்சாரத்தையும் பேருந்தையும் ஒருசேர ஏற்று, மின்சார லாபத்தைக் கொண்டு பேருந்து நட்டத்தைப் பல ஆண்டுகள் ஈடுகட்டியது. பூனாவும் பிம்ப்ரி சிஞ்ச்வட்டும் தத்தம் பேருந்துகளை 2007-இல் ஒரே நிறுவனமாக இணைத்தன. நட்டத்தை ஒரு மாநகராட்சி நூற்றுக்கு அறுபதும் மற்றது நாற்பதுமாகப் பகிர்ந்துகொண்டன. இரண்டு உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரே பேருந்தை நடத்தலாம் என்பதற்கு இது சான்று.

ஆயினும் இவை மாநகரங்கள். நம்மைப் போன்ற சிற்றூர்களுக்கு ஏற்றது கேரளத்தின் கிராமவண்டித் திட்டம். 2022 சூலையில் திருவனந்தபுரம் மாவட்டம் கொல்லயில் பஞ்சாயத்தில் இது தொடங்கப்பட்டது. பேருந்து, ஓட்டுநர் நடத்துநர் சம்பளம், பழுது பார்த்தல் ஆகியவை அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. டீசல் செலவு பஞ்சாயத்தின் பொறுப்பு. எந்த வழியாக, எந்த நேரத்தில் வண்டி வேண்டும் என்பதைப் பஞ்சாயத்தே சொல்லலாம். பணம் தருகிறவருக்கு நேரம் கேட்கும் உரிமையும் கிடைக்கிறது என்பதே இதில் சிறப்பு.

நம் ஊருக்கு ஒரு கணக்கு

அறிவியல் மாணவி என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவை அனுமான எண்களே. காலையில் ஒரு போக்குவரத்து, மாலையில் ஒரு போக்குவரத்து, நாளொன்றுக்கு மொத்தம் 80 கிலோமீட்டர் என்று கொள்வோம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 20 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றால் நாளுக்கு 1,800 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 5,40,000 ரூபாய். கேரள முறைப்படி டீசலை மட்டும் நாம் ஏற்பதாயின், 5,400 வீடுகள் ஆண்டுக்கு 100 ரூபாய் தந்தால் போதும். டிக்கெட் வசூலில் ஒரு பங்கு திரும்பி வந்தால் அதுவும் குறையும். சிறு துளி பெருவெள்ளம் என்பது வெறும் பழமொழியன்று.

வழியில் உள்ள தடைகள்

முதல் தடை பணம். கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு வீட்டு வரியும் தொழில் வரியும் உண்டு. ஆனால் அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவு, தொழில் வரி ஆண்டுக்கு ஒருவருக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்கிறது. 1988-இல் 250 ரூபாயாக இருந்ததை உயர்த்தி வைத்த எல்லை அது. அதன்பின் விலைவாசி எங்கோ போய்விட்டது. எல்லை அங்கேயே நிற்கிறது. பிரான்சில் போல் சம்பளத்தில் விழுக்காடு என்று விதிக்க நம் கொம்யூனுக்கு அதிகாரம் இல்லை. வாகன வரியோ அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது.

இரண்டாவது எல்லை. புதுவை மாவட்டம் ஒரே நிலத்துண்டு அன்று; 293 சதுர கிலோமீட்டர் பரப்பும் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டு நிலத்துக்கிடையே சிதறிக் கிடக்கிறது. கொம்யூனுக்குக் கொம்யூன் போகும்போது சில வழிகளில் மாநில எல்லை குறுக்கிடும். ஆனால் இதற்கு வழி உண்டு. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, இடையில் அடுத்த மாநிலத்தில் ஓடும் தூரம் 16 கிலோமீட்டருக்கு மேற்படாவிட்டால், அடுத்த மாநிலத்தின் மேலொப்பம் இன்றியே பர்மிட் செல்லும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். நம் ஊர்த் தூரங்களுக்கு இது தாராளம்.

மூன்றாவதே பெரிய தடை. வரி கேட்பதற்கு ஊரார் தேர்ந்தெடுத்த ஆள் வேண்டும். புதுவையில் 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறாமல் நின்றது. பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்கவை என அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை கூறும் பொருள்களில், சாலை, பாலம், படகுத்துறை ஆகியவற்றுடன் பிற போக்குவரத்துச் சாதனங்களும் சேர்ந்தே உள்ளன. தாளில் இடம் உண்டு. நாற்காலியில்தான் ஆள் வேண்டும்.

அப்பாவின் கேள்வி

இக்கட்டுரையை எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நூறு ரூபாய் என்ற இடத்தில் நிறுத்தி, "ஏம்மா, வண்டி வராத ஊருக்கு வரி மட்டும் வந்துடுமா?" என்று கேட்டார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடக் கூர்மையான கேள்வியைக் கண்டதில்லை. போக்குவரத்து வரி என்று வாங்கி வேறு செலவுக்கு எடுத்துவிட்டால் மக்கள் மறுமுறை தர மாட்டார்கள். ஆகவே மூன்று கட்டுப்பாடுகள் இன்றியமையாதவை. ஒன்று, அப்பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இரண்டு, எந்த நடைக்கு எவ்வளவு செலவு, எத்தனை நாள் ஓடியது என்பதை மாதந்தோறும் கொம்யூன் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். மூன்று, ஓடாத நாளுக்குப் பணம் இல்லை என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வண்டி தனியாருடையதாயினும் கழகத்துடையதாயினும் இவ்விதி ஒன்றே. கூலிக் குடும்பங்களுக்கு விலக்கும், பெரிய தொழிற்கூடங்களுக்குக் கூடுதல் பங்கும் வைப்பதே நீதி. இதைச் சொன்னதும் அப்பா, "அப்படின்னா குடுக்கலாம்" என்றார்.

மாணவ நண்பர்களே, மாணவருக்கென அரசு ஒரு ரூபாய்க் கட்டணத்தில் சிறப்புப் பேருந்து விட்ட நன்மையை நாம் மறக்கவில்லை. ஆயினும் மேலிருந்து தரப்படுவது மேலிருந்தே நிறுத்தப்படவும் கூடும். ஊரார் தம் பணத்தில் பங்கிட்டு ஓட்டும் வண்டியை நிறுத்த வேண்டுமானால் ஊராரைக் கேட்க வேண்டும். முதலில் வில்லியனூரும் பாகூரும் சேர்ந்து ஒரு பேருந்துக் குழு அமைக்கட்டும். நின்றுபோன நடைகள் எவை என்று ஒவ்வோர் ஊரிலும் பட்டியல் எடுக்கட்டும். பட்டியல் எடுக்கும் வேலைக்குப் பணமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்; அதை நாமே செய்யலாம். என் ஊருக்கான பட்டியலை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் வரியில் இருப்பது மாலைப் பேருந்து. வரும் ஆனியில் என் தங்கை கல்லூரியில் சேர வேண்டும்.