ஓய்வுக் கணக்கில் ஆள்குறைப்பு

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போனால் கேரளத்தின் முதல் ஊர்களில் ஒன்று மீனாட்சிபுரம். தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் டேங்கர்களை அங்கே நிறுத்துகிறார்கள். பால்வளத் துறையின் சோதனைக்கூடத்தில் மாதிரி எடுத்து, யூரியா போன்ற கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஓணம் நெருங்கினால் வண்டிகள் கூடும், வேலையும் கூடும். 2022 ஆகஸ்டில் யூரியா கலந்த பாலோடு வந்த டேங்கர் இங்கேதான் பிடிபட்டது.

இதே ஊரில் வணிகவரிச் சோதனைச்சாவடியும் இருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. சாவடிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்தப் பணியிடங்களைக் குறைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் புது ஆள் எடுக்காமல் ஊழியர் எண்ணிக்கையைக் குறைக்கும் முறைக்கு இந்த வித்தியாசமே தெரியாது. மத்திய அரசு 2001 மே 16 அன்று போட்ட கணக்கைப் பாருங்கள்: ஆண்டுதோறும் சுமார் 3 சதவீதம் பேர் ஓய்வு பெறுகிறார்கள், 1 சதவீதத்தை மட்டும் நிரப்பினால் 2 சதவீதம் தானாகக் குறையும். எந்த வேலை தேவை, எது தேவையில்லை என்ற கேள்வியே அதில் இல்லை. பிறந்த தேதிதான் முடிவு செய்கிறது.

அதே ஆண்டு நவம்பர் 29 அன்று தமிழ்நாடு அரசாணை 212 மூலம் பணி நியமனத்துக்குத் தடை போட்டது. 2006 பிப்ரவரி 7 அன்றுதான் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் வயது வரம்பைத் தாண்டிவிட்டவர்களுக்காக வயதுத் தளர்வு கொடுக்க வேண்டி வந்தது. எல்லைக்குக் கேரளப் பக்கம், ஏ.கே.அந்தோணி அரசு சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து 2002இல் கேரள ஊழியர்கள் 32 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேரள வருவாயில் சம்பளமும் ஓய்வூதியமும் பெரும்பங்கை விழுங்குகின்றன என்பது உண்மைதான். கஜானாவின் கவலையை நான் சின்னதாக நினைக்கவில்லை.

என் கவலை கேரளத்தின் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தமிழர்களைப் பற்றியது. அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அதற்காகவே தமிழும் மலையாளமும் அறிந்த எல்.டி. கிளார்க் (கீழ்நிலை எழுத்தர்) என்று கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பிஎஸ்சி) தனியாகத் தேர்வு வைக்கிறது. நூறு பேர் உள்ள அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஒருவர் போய்விட்டால்? பட்டா விவகாரமாகத் தமிழில் மனு எழுதி வந்த பெரியவர், அதை மலையாளத்தில் எழுதித்தர ஆள் தேடி வெளியே அலைய வேண்டியதுதான். உரிமை புத்தகத்தில் இருக்கும், மேசையில் இருக்காது. தமிழ்வழிப் பள்ளியிலும் இதே கதிதான். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு; நிரந்தர ஆசிரியர் வராத வகுப்பில் தினக்கூலி ஆசிரியர் மாறிக்கொண்டே இருந்தால், பிள்ளையைப் பெற்றோர் மலையாள வழிக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் மாணவர் எண்ணிக்கை குறைந்தது என்று அந்தப் பணியிடமும் போகும்.

இன்னொரு பக்கம், படித்துத் தேர்வெழுதி பிஎஸ்சியின் ரேங்க் பட்டியலில் பெயர் வந்தவர்கள். பட்டியல் காலாவதியானால் எல்லாம் முதலிலிருந்து. 2021 பிப்ரவரியில் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன்னே ரேங்க் பட்டியல்காரர்கள் முழங்காலில் தவழ்ந்து போராடியதை நாடே பார்த்தது.

ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், எந்த வேலை முடிந்துபோயிற்று என்று ஒவ்வோர் அலுவலகமாகக் கணக்கெடுக்கட்டும். தமிழறிந்தவருக்கென்று உள்ள பணியிடங்களை நிதித்துறை எந்தத் தடைக்கும் வெளியே வைக்கட்டும். காலியாகும் நாளுக்கு முன்பே பிஎஸ்சிக்குத் தகவல் போகட்டும்.