ஆலைக் கழிவும் அயலூர் நிலமும்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் அஞ்செட்டித் தாலூகாவைச் சேர்ந்த நாட்றாம்பாளையம், காட்டு மலைகளுக்கிடையே, காவிரிக்குச் சமீபமாகவும் கர்நாடக எல்லைக்கு அண்மையிலும் அமைந்த கிராமம். கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை முதலியவை மழையை நம்பி விளையும் பூமி. ஓசூரில் காணும் ஆலை வரிசைகள் இங்கு இல்லை. ஆதலின், ஆலைக் கழிவைப் பற்றி இவ்வூர் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் கவலைப்பட வேண்டுவது யாது என்று சிலர் வினவக்கூடும். ஆலையில் உண்டாகும் கழிவு ஆலையின் மதிலுக்குள்ளேயே தங்கிவிடுவதில்லை. அதற்கு ஒரு போக்கிடம் வேண்டியிருக்கிறது. நிலம் மலிவாயும் ஜன நடமாட்டம் குறைவாயும் உள்ள இடங்களே அதற்கு முதலில் தென்படுகின்றன. இக்காரணத்தால் இவ்விஷயம் ஆலையில்லாத ஊர்களுக்கே அதிகமாய் உரியது எனலாம்.

தமிழ்நாட்டுத் தொழில் முன்னேற்றத்துக்கென 1971-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சிப்காட் ஸ்தாபனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்த பின்பு, மோட்டார் வண்டிகள், இயந்திர பாகங்கள், கைக்கடியாரங்கள் முதலியவை செய்யும் ஆலைகள் அங்கே பெருகின. இவற்றில் ஆயிரக்கணக்கானோர்க்குப் பிழைப்பு உண்டு. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இரும்பைக் கடைந்தால் எண்ணெய்க் கழிவும், முலாம் பூசினால் உலோகக் கசடும், வர்ணம் அடித்தால் வர்ணக் கசடும், கழிவுநீரைச் சுத்தி செய்தால் அதனடியில் தங்கும் வண்டலும் மிஞ்சியே தீரும். நிக்கல், குரோமியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் அவ்வண்டலில் சேர்ந்திருக்கும். வீட்டுக் குப்பையைப் போல் மக்கி எருவாவதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. சட்டம் இவற்றை அபாயகரமான கழிவு என்று தனியே பிரித்திருக்கிறது.

ஓசூர் வட்டாரத்தார் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றனர். நந்திமலைப் பக்கத்தில் தோன்றும் தென்பெண்ணையில், பெங்களூர் நகரின் சாக்கடையும் ஆலைக் கழிவுநீரும் கலந்து வருவதால் நேரும் கேடு அது. அந்த நுரையாவது கண்ணுக்குத் தெரிகிறது. பத்திரிகைகளில் படமும் வருகிறது. இங்கே சொல்லப்புகும் கசடோ குழியில் இட்டு மேலே ஒரு முழம் மண் தள்ளிவிட்டால் யார் கண்ணிலும் படாது.

2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, ஆலையார் இக்கழிவைச் சாதாரணமாக 90 நாட்களுக்கு மேல் தம்மிடம் வைத்திருத்தல் கூடாது. அதற்குள் அனுமதி பெற்ற நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியிலும், விருதுநகர் ஜில்லா உண்டுறுமிகிடாகுளத்திலும் அத்தகைய பொது நிலையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. அங்கே கசடில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து இறுகச் செய்து, களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் அடுக்கிய குழிகளில் புதைக்கின்றனர். ஊறும் நீரைக் குழாய் வைத்து வாங்கிச் சுத்தி செய்கின்றனர். எரிக்கத் தகுந்தவற்றை ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் எரிக்கின்றனர். சிமெண்டு ஆலைகளின் சூளைகளிலும் சிலவகைக் கழிவுகளைச் செலுத்துவதுண்டு. நல்ல ஏற்பாடுகளே. ஆனால் ஓசூரிலிருந்து கும்மிடிப்பூண்டி 300 கிலோமீட்டருக்கும் அதிகம். லாரி வாடகை ஒருபுறம், நிலையத்தார் டன் கணக்கில் வாங்கும் கூலி ஒருபுறம். குத்தகைக்காரர் நாணயமற்றவராயின், இவ்விரண்டையும் மிச்சம் பிடிக்கும் எண்ணம் உண்டாவது இயல்பு. அப்போதுதான் கைவிட்ட கல் குவாரியும், தூர்ந்த கிணறும், தரிசாய்க் கிடக்கும் பட்டா நிலமும் அவர் நினைவுக்கு வருகின்றன.

அக்குத்தகைக்காரர் நிலத்துக்காரரிடம் விஷம் கொட்டப் போகிறேன் என்று சொல்லி வருவதில்லை. பள்ளத்தை இலவசமாய் நிரவித் தருகிறேன் என்பார். சாம்பல் எரு என்பார். லோடு ஒன்றுக்கு இவ்வளவு என்று ரொக்கமும் நீட்டுவார். மழை பொய்த்த வருஷத்தில் அந்த ரொக்கத்தை மறுப்பது எளிதன்று. ஆயினும் வாங்குவதற்கு முன் இராணிப்பேட்டையின் கதையை அறிந்துகொள்வது நலம்.

இராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிகல்ஸ் என்னும் ஆலை 1970-களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் நடைபெற்றது. தோல் பதனிடுவதற்கு வேண்டிய குரோமிய உப்புக்களை அங்கே செய்தனர். குரோமியத் தாதுவைச் சோடாச் சாம்பலுடனும் சுண்ணாம்புடனும் கலந்து சூளையில் வறுத்து, நீர்விட்டுக் கரைத்து உப்பைப் பிரிப்பது முறை. பிரித்த பிறகு மிஞ்சும் சக்கையிலும் ஓரளவு குரோமியம் நின்றுவிடும். அந்தச் சக்கையை ஆலையார் வளாகத்தின் பின்புறத்திலேயே குவித்து வந்தனர். 1990-களின் நடுவில் ஆலை மூடப்பெற்றபோது அங்கே கிடந்தது சுமார் 2.27 லட்சம் டன். அடியில் விரிப்பில்லை, மேலே மூடாக்கும் இல்லை. ஒவ்வொரு மழையிலும் குவியலிலிருந்து மஞ்சள் நிற நீர் இறங்கிற்று.

இங்கு ஒரு நுட்பத்தைக் குடியானவர்கள் கவனித்தல் வேண்டும். குரோமியம் இரண்டு நிலைகளில் காணப்படும். ஒன்று மண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடப்பது; அதனால் வரும் தீங்கு குறைவு. மற்றொன்று நீரில் எளிதாய்க் கரைந்து அந்நீர் செல்லும் இடமெல்லாம் செல்வது. இதுவே கொடியது, புற்றுநோய்க்கும் காரணமாவது. இராணிப்பேட்டைக் குவியலில் இருந்து கசிந்தது இப்பின்னதேயாம். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்திய நிர்ணயம். அக்குவியலை அடுத்த நிலத்தடி நீரில் இவ்வளவுக்குப் பன்மடங்கு மிகுதியாய்க் கண்டனர். 2006-இல் அமெரிக்க ஸ்தாபனமொன்று உலகில் மிகவும் கெட்டுப்போன பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது இராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது. விசேஷமான பெருமை!

இதைச் சுத்தி செய்ய வழி இல்லாமலில்லை. இரும்பு உப்பைக் கலந்தால் கொடிய குரோமியம் மற்ற நிலைக்கு மாறி அடங்கும். கெட்ட நீரை ஆழ்துளைக் கிணறுகளால் இறைத்து மருந்திட்டு விடலாம். குவியலையே அள்ளி விரிப்பிட்ட குழிக்கு மாற்றலாம். மக்கிய எருவுக்கும் இம்மாற்றத்தைச் செய்யும் சக்தி சிறிது உண்டு. ஆனால் அதை நம்பி, கெட்ட கிணற்றிலிருந்து பாய்ச்சலாமென்று எவரும் எண்ணிவிடலாகாது. இம்முறைகள் யாவும் ஏட்டில் இருக்க, 2020-ஆம் ஆண்டு கடந்தும் குவியல் அங்கேயே நின்றது. ஆலை மூடி வருமானம் நின்ற பிறகு செலவை ஏற்பவர் யார் என்பதிலேயே காலம் கழிந்தது.

அதே பாலாற்று வட்டாரத்தில் தோல் ஷாப்புகளின் கழிவுநீரால் நேர்ந்த நஷ்டம் இன்னும் பெரிது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கணித்தது. இதை எடுத்துக்காட்டியே சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்து, கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நியாயத்தை நிலைநாட்டிற்று. நஷ்டத்தை மதிப்பிட ஓர் அதிகார சபையும் ஏற்பட்டது. அச்சபை 2001 மார்ச்சு மாதத்தில் ஈட்டுத் தொகையை நிர்ணயித்தது. இன்னும் பெறாதவர்க்கு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, கெடுத்தவரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ளும்படி 2025 ஜனவரி 30-இல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி கட்டளையிட வேண்டியிருந்தது. முதல் உத்தரவுக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை மறைந்துவிட்டது.

இராஜஸ்தானத்தில் உதயபூருக்கு அருகிலுள்ள பிச்சிரி கிராமத்தின் கதியும் நினைவுகூரத் தக்கது. 1980-களின் இறுதியில் அங்கே ஒரு சாயச் சரக்கைச் செய்தனர். உற்பத்தியானது சுமார் 375 டன். கசடோ சுமார் 2,440 டன். வழக்கு வந்ததும் அக்கசடில் பெரும்பங்கை அங்கங்கே பரப்பி மண்ணிட்டு மறைத்தனர். சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் கறுத்துப்போய், பாசனத்துக்கும் பயன்படவில்லை. சுத்தி செய்ய ஏறத்தாழ 37 கோடி ரூபாய் ஆகுமென்று மதிப்பிட்டனர். ஆலை நடந்த காலம் சொற்பமே.

கழிவு அயலூரைத் தேடிச் செல்வதற்குப் போபாலை விடச் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த ஆலையில் நாற்பது ஆண்டுகளாய்க் கிடந்த சுமார் 337 டன் கழிவை, 2025 ஜனவரியில் வேறு ஜில்லாவிலுள்ள பீதம்பூருக்கு லாரிகளில் கொண்டுபோயினர். அவ்வூரார் பெருங்கிளர்ச்சி செய்தனர். கோர்ட்டின் மேற்பார்வையில், அனுமதி பெற்ற சூளையில், முறைப்படி எரிப்பதற்கே இவ்வளவு எதிர்ப்பு. இரவில் சீட்டில்லாமல் வரும் லாரியை நாட்றாம்பாளையத்தார் எவ்வாறு கருத வேண்டுமென்பது இதனால் விளங்கும்.

இப்பிரதேசத்தின் பூமியமைப்பும் நமக்கு அனுகூலமாயில்லை. மேல்மண் ஆழமில்லை, கீழே கடும்பாறை. நிலத்தடி நீர் பாறையின் வெடிப்புக்கள் வழியாகவே ஓடுகிறது. குவாரியில் வெடி வைத்த இடங்களில் அவ்வெடிப்புக்கள் இன்னும் மிகுந்திருக்கும். அத்தகைய குழியில் கசடைக் கொட்டினால், களிமண் வடிகட்டுவது போல் வடிகட்டுவதற்கு நடுவில் ஒன்றுமில்லை. ஒரு பங்காளியின் நிலத்தில் இட்டது மற்றொரு பங்காளியின் ஆழ்துளைக் கிணற்றில் வந்து சேரலாம். எந்தக் கிணற்றில், எத்தனை மாதத்தில் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

ஆகையால் கழிவு இறங்குமுன் தடுப்பதே உசிதம். அதற்கு விதிகளிலேயே வசதி உண்டு. அபாயகரக் கழிவை ஏற்றிவரும் ஒவ்வொரு வண்டியும் ஏழு பிரதிகள் கொண்ட, நிறவாரியான அனுப்புச் சீட்டின்படியே செல்ல வேண்டும். அனுப்பியவர், ஏற்றிச் செல்பவர், பெற்றுக்கொள்பவர் மூவரும் அதில் கையொப்பமிடுதல் வேண்டும். பீப்பாய்களிலும் மூட்டைகளிலும் மஞ்சள் சீட்டு ஒட்டி, அபாயகரமான கழிவு என்று சிவப்பெழுத்தில், ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பிரதேச பாஷையிலும் எழுதியிருக்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டிக் கடைசியாக ஒழிப்பதற்கு அனுப்புவதாயின், இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் ஆட்சேபமின்மைச் சான்றும் வேண்டும். எல்லையோரத்து ஊர்களுக்கு இவ்விதி முக்கியமானது. பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் அனுமதி பெற்ற நிலையத்தின் பெயரன்றிப் பட்டாதாரர் பெயர் வருவதற்கு நியாயமே கிடையாது. சீட்டைக் காட்டு என்று கேட்டமாத்திரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவனைப் பற்றி வேறு விசாரணை தேவையில்லை. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

ஒருகால் கொட்டிவிட்டுப் போயிருந்தால், முதலாவதாக அதைத் தொடலாகாது. டிராக்டரால் நிரவுதல், நெருப்பிடுதல், தண்ணீர் ஊற்றிக் கழுவுதல் ஆகிய மூன்றும் கேட்டை விரிவாக்கும். ஆடு மாடுகளை அப்பக்கம் விடாமல் முள்வேலியிட வேண்டும். மழை வரும்போலிருந்தால், நீர் ஓடைக்குள் இறங்காதவாறு தாழ்ந்த பக்கத்தில் கரை போடலாம். அருகிலுள்ள கிணறுகளில் நிறம், நாற்றம், எண்ணெய்ப் படலம் ஏதேனும் கண்டால், ஆராய்ச்சி முடிவு வரும்வரை குடிப்பதற்கும் பாசனத்துக்கும் அந்நீரை நிறுத்திவைத்தல் வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் சர்வே எண், கண்ட தேதி, நேரம், சுமாரான அளவு இவற்றைக் குறித்துப் படமெடுத்து, தாசில்தாருக்கும் ஓசூரிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் அன்றே தெரிவிப்பது அவசியம். பொதுத் தொல்லையை அகற்றும்படி உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் அளிக்கிறது. பழைய சட்டத்தில் இது 133-ஆம் பிரிவாக இருந்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே தகராறைக் கொண்டுசெல்ல ஆறு மாதமும், நஷ்டஈடு கோர ஐந்தாண்டும் தவணை. தவணை எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிற்று என்பதே பிற்பாடு பெரிய வாதமாகும். கிராமத்தில் அன்றைக்கே எழுதப்பட்ட ஒரு குறிப்பு அவ்வாதத்தை முடித்து வைக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு இடம் கொடுத்த பட்டாதாரரின் நிலைமை வேறு. வாதி பக்கம் நிற்க வேண்டிய அவர், ஆலையாருடனும் குத்தகைக்காரருடனும் சேர்ந்து பதில் சொல்லும்படி நேரலாம்.

பீப்பாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலைகளிலிருந்து கழித்துவிட்ட நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களையும் இரும்பு டிரம்களையும் மலிவாய் வாங்கிவந்து, குடிநீரும் தானியமும் மாட்டுத் தீவனமும் வைக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. அபாயகரமான சரக்கு இருந்த பீப்பாயையும் விதிகள் கழிவாகவே கொள்கின்றன. சுத்தி செய்ய அனுமதி பெற்றவர் சுத்தி செய்ததற்கு அத்தாட்சி இருந்தாலொழிய அவற்றை வாங்காதிருப்பது நல்லது. சோப்பும் சாம்பலும் போட்டு எத்தனை முறை தேய்த்தாலும், பிளாஸ்டிக்கில் ஊறிப்போனது வெளியே வருவதில்லை.