கலால்னா வரி இல்லீங்க, ஒரு ஆளு!

வில்லியனூர், பாகூர் பக்கம் சாராயக்கடை, கள்ளுக்கடை ஏலம் என்றாலே 'கலால் துறை' பெயர் அடிபடும். ஏலம் விடுவது அவர்கள்தான். சரி, கலால்னா என்ன? "வரிதானே" என்போம். ஆனால், அது முதலில் வரியின் பெயர் இல்லை; ஆளின் பெயர்!

வட இந்தியாவில் 'கலால்' என்றால் மது வடித்து விற்பவர். 'கல்யபால' என்ற சம்ஸ்கிருதச் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல், ஆளைத் தொலைத்துவிட்டு வரியாக நின்றுவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வரும்வரை சோப்புக்கும் 'மத்திய கலால் வரி' இருந்தது. பெட்ரோலுக்கு இன்றும் உண்டு. ஆயுசுக்கும் குடிக்காதவர்கூட சாராயம் வடிப்பவர் பெயரில்தான் வரி கட்டுகிறார்!

நம்ம ஊரில் யாரையும் 'கலால்' என்று கூப்பிடுவதில்லை. செய்யும் வேலைதான் பெயர். பாளை சீவிக் கலயம் கட்டுபவர் 'கள்ளு இறக்குறவர்'. அவருக்கு அடுப்பே வேண்டாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் தானே புளித்துக் கள். ஊறலை அடுப்பில் ஏற்றி, ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பவர்தான் 'காய்ச்சுறவர்'. ('அராக்' என்ற பெயருக்கு மூலமான அரபுச் சொல்லுக்கு வியர்வை என்று பொருள். அந்தச் சொட்டைப் பார்த்து வைத்த பெயர்!) வில்லியனூரை ஒட்டிய ஆரியபாளையத்தில் இருக்கும் அரசு ஆலையை 'வடிசாராய ஆலை' என்கிறோம். அதிலும் வேலைதான் பெயர்.

சிக்கல், 'கள்ளச்சாராயம் காய்ச்சுறவன்' என்னும்போது வருகிறது. அந்தக் 'கள்ள'வில் இருப்பது கள் இல்லை, களவு. 'காய்ச்சுறவன்' என்பதும் இப்போது பல இடங்களில் பொய். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் ஆலைகளில் பயன்படும் ரசாயனம். அதில் தண்ணீர் சேர்த்து விற்பவன் எதையும் காய்ச்சவில்லை, கலக்குகிறான்.

"நம்ம ஆளு காய்ச்சினதுதான், குடி" என்று யாராவது நீட்டினால், காய்ச்சினதா கலக்கினதா என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்கும். வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று எது தெரிந்தாலும், 'போதை தெளியட்டும்' என்று படுக்கவைக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.