ஓட்டில் உறையும் இழை

சென்ற வாரம் கரும்புச் சக்கையிலிருந்து செல்லுலோஸைப் பிரிக்கும் விதத்தைப் பார்த்தோம். அந்தச் செல்லுலோஸுக்கு நெருங்கிய பந்து என்று சொல்லத்தக்க வஸ்து ஒன்று இறால், நண்டு, வண்டு முதலிய ஜீவராசிகளின் மேலோட்டிலும் காளானின் உடலிலும் இருக்கிறது. அதுவே கைட்டின். குளுகோஸ் கண்ணிகள் வரிசையாகக் கோத்து நீண்ட சங்கிலியானால் செல்லுலோஸ். அதே கண்ணி ஒவ்வொன்றிலும் நைட்ரஜன் கொண்ட ஒரு சிறு தொகுதி ஏறி அமர்ந்துகொண்டால் கைட்டின். வித்தியாசம் இவ்வளவுதான் என்றாலும், பின்னால் சொல்லப்போகும் குணவிசேஷங்களெல்லாம் இந்த நைட்ரஜனால் வந்தவை.

1811-இல் நான்ஸி நகரத்து பிராகோனோ என்ற பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி இதைக் காளானில் கண்டார். 1823-இல் ஓடியே என்பவர் வண்டின் சிறகுறையில் கண்டு இன்றைய பெயரைச் சூட்டினார். 1859-இல் ரூஷே என்பவர் கைட்டினைக் கடுங்க்ஷாரத்தில் கொதிக்கவைக்க, எதிலும் எளிதில் கரையாத அந்தப் பொருள், நீர்த்த அமிலத்தில் கரையும் வேறொன்றாக மாறிற்று. கைட்டோசான் என்று பிற்பாடு பெயர் பெற்றது அதுதான். இடையே ஒரு வேடிக்கை: எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருளைக் கண்டுபிடித்துப் பிரசித்தி பெற்ற ஆல்பர்ட் ஹோஃப்மன், தம் இளம்பிராயத்தில் ஜூரிச் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்த ஆராய்ச்சியுரை, நத்தையின் குடல்நீரைக் கொண்டு கைட்டினைச் சிதைப்பது பற்றியது.

நம் பக்கத்தில் இந்த விஷயம் கவனத்துக்கு வந்ததற்குக் காரணம் ஞானதாகம் அன்று, துர்நாற்றம். கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் 1950-களில் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கி, அரூர், சந்திரூர் முதலான ஊர்களில் இறால் உரிக்கும் கொட்டகைகள் பெருகியபோது, அங்கே ஸ்திரீகள் நாள் முழுவதும் உரித்துத் தள்ளிய தலையும் ஓடும், வந்த இறாலின் எடையில் ஏறக்குறைய பாதியாக, காயலோரங்களில் குவிந்து அழுகலாயின. 1957-இல் கொச்சியில் ஏற்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தார் இந்தக் குவியலைக் கைட்டினாகவும் கைட்டோசானாகவும் மாற்றும் முறைகளை ஆராய்ந்து, தொழில் செய்வோருக்குக் கற்றுக்கொடுத்தனர்.

ஓட்டில் மூன்று சரக்குகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன: கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருள், புரதம், கைட்டின். இவற்றுள் கைட்டின் பிடிவாதமானது. மற்ற இரண்டும் கரையும் திரவங்களில் அது கரைவதில்லை. ஆகவே அதை எடுப்பது என்பது, உண்மையில், அதைச் சூழ்ந்தவற்றை அகற்றுவதே. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் திராவகத்தில் ஓட்டை இட்டால், சுண்ணாம்பு கரைந்து, கரியமில வாயு நுரைத்துப் பொங்கி வெளியேறி, ஓடு துவண்டுபோகிறது. பிறகு காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடாக்கினால் புரதம் கரைந்து கழிகிறது. கழுவி உலர்த்தினால் மிஞ்சும் வெளிறிய செதிள்கள் கைட்டின். அவற்றையே நாற்பது, ஐம்பது சதவீதக் காஸ்டிக் சோடாவில் கொதிநிலைக்கு அருகே வெகுநேரம் வேகவைத்தால், நைட்ரஜனோடு ஒட்டியிருந்த அஸிட்டைல் தொகுதிகள் பெரும்பாலும் கழன்று கைட்டோசான் கிடைக்கிறது. ஓடு பழையதாகி அழுகியிருந்தாலும், திராவகம் மிஞ்சினாலும், சூடு மிஞ்சினாலும் நீண்ட சங்கிலி துண்டுதுண்டாக அறுந்து சரக்கின் தரம் குறைந்துவிடும்; எனவே ருசியறிந்த தொழிற்சாலைக்காரர்கள் அன்றன்று உரித்த ஓட்டையே கேட்டு வாங்குகிறார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டுப் பெறும் கைட்டோசானின் மகிமை அதன் மின்னூட்டத்தில் இருக்கிறது. அமிலத்தில் கரையும்போது, முன்சொன்ன நைட்ரஜனால், அது நேர்மின்னூட்டம் பெறுகிறது. இயற்கையில் கிடைக்கும் பலபடிகளில் இத்தகையது அபூர்வம். கலங்கல் நீரிலுள்ள களிமண் துகள், பாக்டீரியாவின் மேற்புறம், ரத்தச் சிவப்பணு ஆகிய எதிர்மின்னூட்டமுள்ளவற்றை அது தன்னிடம் இழுத்துத் திரட்டுகிறது. ஜப்பானில் 1970-களிலேயே தொழிற்சாலைக் கழிவுநீரைத் தெளியவைக்க இதைப் பிரயோகித்தார்கள். 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கைட்டோசான் காயக்கட்டு, போர்க்களத்தில் ரத்தப்பெருக்கை நிறுத்த அந்நாட்டுச் சேனையில் வழங்கலாயிற்று.

இத்துடன் நிறுத்தி, கழிவு செல்வமாயிற்று என்று ஜயகோஷம் செய்வது சுலபம். பத்திரிகைகளில் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் ஒரு கிலோ கைட்டோசானுக்குச் சுமார் பத்துக் கிலோ ஓடும், ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட நீரும் செலவாகின்றன என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நீர் எங்கே போகிறது? சுண்ணாம்பைக் கரைத்த அமிலமும் புரதத்தைக் கரைத்த க்ஷாரமும் அதில்தான் கலந்திருக்கின்றன. சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விட்டால், நாறுகிற கழிவை நாறாத விஷமாக மாற்றியதைத் தவிர வேறொன்றும் செய்தவராகமாட்டோம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு மாற்றாக ஆராயப்படும் வழி, இட்லி மாவைப் புளிக்கவைக்கும் நம் வீட்டு வித்தையைப் போன்றது. அரைத்த ஓட்டுடன் சர்க்கரைப்பாகு கழிவையோ மரவள்ளி மாவையோ கலந்து லாக்டிக் பாக்டீரியாவை விட்டால், அவை உண்டாக்கும் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்க, ஓட்டோடு வந்த தலையிலுள்ள செரிமான நொதிகள் புரதத்தைக் கரைக்கின்றன. திராவகம் தரும் சுத்தம் இதில் வாய்ப்பதில்லை. நாட்களும் அதிகம் பிடிக்கும். ஆதலால், முதலில் புளிக்கவைத்து, எஞ்சியதை மட்டும் மெல்லிய அமிலத்தாலும் க்ஷாரத்தாலும் நீக்கும் இரட்டை முறையே நடைமுறைக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. அதில் வடியும் புளித்த திரவம் புரதம் நிறைந்தது. கோழிக்கும் மீனுக்கும் தீவனத்தில் சேர்க்கலாம். அதனோடு ஒரு செந்நிறப் பொருளும் வெளிப்படுகிறது. வெந்த இறாலைச் சிவக்கவைக்கும் அந்த வஸ்துவின் வியாபாரத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)